பாக்கிக்கு மூக்கடைப்பு: சாட்ஸ்வொர்த் பட்டறை அனுபவம்

என் வண்டியின் கோளாறைச் சரிசெய்த பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. அதை நடத்துகிற மெக்கானிக் அங்கிளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இருக்குற வண்டிய முடிக்கவே நேரம் இல்ல தம்பி, நீ எழுதி இன்னும் பத்துப் பேர் வந்து நின்னா நான் என்ன செய்ய?" என்றார். அதனால் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில், ஹிக்கின்சன் ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தகரக் கொட்டகை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நிஜமாகவே வண்டி தகராறு செய்து தவிக்கிறவர்கள் என்னைக் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கு வந்த புதிதில் ஒருவர் என்னிடம் "பாக்கி இருக்கா?" என்று கேட்டார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையே, அதற்குள் யாரிடம் கடன் வைத்தோம் என்று பயந்துபோனேன். இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயர் பாக்கி. இப்போது எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின், ஒரு டன், 2,10,000 கிலோமீட்டர் ஓடியது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் பாக்கிக் கம்பெனியின் பெயரைச் சொன்னால் ரக்பி மேட்ச் மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள், சொல்ல வந்த விஷயம் காணாமல் போய்விடும். கோவில் விசேஷம், கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் சமைத்துக் கொடுப்பது என் தொழில். அண்டாவும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு வெருலத்திலிருந்து கிளம்பினால் ஒரு நாள் டோங்காட், ஒரு நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க். வண்டி நின்றால் என் வீட்டு அடுப்பும் நின்ற மாதிரிதான்.

போன வருஷம் ஆடிக்கு முந்தின மாதம் டேஷ்போர்டில் மஞ்சளாக அந்த எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஆடி என்றால் இங்கே கோவில் கோவிலாக மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், இங்குள்ளவர்கள் அதைப் போரிட்ஜ் பிரேயர் என்பார்கள், எனக்கு வருஷத்தில் மூச்சுவிட நேரமில்லாத காலம் அதுதான். முதல் வாரம் விளக்கை நான் கண்டுகொள்ளவில்லை. வண்டிதான் ஓடுகிறதே. அப்புறம் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் எடுத்துக்கொண்டிருந்த வண்டி 14 கேட்டது. ரோபோவில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பேர், நான் வைக்கவில்லை) நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

முதலில் போனது இந்த அங்கிளிடம் இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, காப்பி மெஷின் எல்லாம் வைத்த ஒரு பெரிய இடத்துக்குப் போனேன். ஸ்கேனரைச் சொருகினார்கள், பி0135 என்று ஒரு கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்) வந்தது, இரண்டே நிமிஷத்தில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். சென்சார் 650 ரேண்ட், கூலி 550. நான் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். விளக்கும் அணைந்திருந்தது. அடடா, என்ன வேகம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கோவிலுக்காக நாலு அண்டாக் கூழ் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் என்3 நெடுஞ்சாலையில் போகிறேன். மரியன்ஹில் டோலைத் தாண்டி ஏற்றம் வந்ததும் வண்டி முக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் லாரிகள் என்னை முந்திக்கொண்டு போகின்றன. அப்புறம் ஒரு நாற்றம், அழுகிய முட்டை நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவிக்காரப் பையன் "அண்ணே, முட்டை ஏதும் ஏத்தினோமா?" என்று கேட்கிறான். விரதச் சமையலுக்குப் போகிற வண்டியில் முட்டை ஏது! பெட்ரோல் அதிகமாகப் போய், புகைக் குழாயில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திணறினால் வருகிற கந்தக வாடை அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. கூழை எப்படியோ நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விளக்கு மறுபடி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கோவிலிலேயே ஓர் அக்கா சொல்லித்தான் இந்த அங்கிளிடம் வந்தேன். எழுபதைத் தாண்டியவர். சின்னப் பிள்ளையாக மேகசின் பேரக்ஸில், அதாவது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர். 1960களில் அங்கிருந்த நம் ஜனங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பி அனுப்பியபோது குடும்பத்தோடு இங்கே வந்திருக்கிறார். தமிழ் அவருடைய ஆயா பேசியது, அதற்குப் பிறகு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகத்தான் வரும். ஆனால் வருகிற பாதி அவ்வளவு கச்சிதம். ஆக்சிஜன் சென்சாரை அவர் சென்சார் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மூக்கு என்றார். "பாக்கிக்கு மூக்கு அடைச்சிருக்கு. சளியா, ஒடம்புல வேற வியாதியா, அத மொதல்ல பாப்போம்."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். எஞ்சினிலிருந்து வெளியே வரும் புகைக் குழாயில் திருகியிருக்கும், விரல் நீளத்துக்கு ஒரு சாமான். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கானில் செய்த சின்னத் தொப்பி. தொப்பிக்கு வெளிப்பக்கம் புகை, உட்பக்கம் சாதாரணக் காற்று. இரண்டு பக்கமும் இருக்கும் ஆக்சிஜன் வித்தியாசத்தில் ஒரு துளி மின்சாரம் பிறக்கிறது. பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் போகும், காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு, அந்தக் கணக்கைப் பிடிப்பதற்காக வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். இந்தப் பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். புகைச் சூடு வரும்வரை காத்திருக்க முடியாது என்று உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். மொத்தம் நாலு ஒயர், அதில் இரண்டு ஹீட்டருக்கு.

பி0135 என்றால் அந்த ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு, அவ்வளவுதான். சர்க்யூட் என்றால் ஹீட்டர் மட்டும் இல்லை, பியூஸ் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, பிளக் இருக்கிறது. "கோட் தெரு பேரத்தான் சொல்லும், எந்த வீடுன்னு நாமதான் கதவத் தட்டணும்" என்றார் அங்கிள். பெரிய இடத்தில் யாரும் தட்டவில்லை. இரண்டாம் தடவை வந்தது வேறு கோட், பி0171. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். பெட்ரோலைக் கண்டபடி குடிக்கிற வண்டி பெட்ரோல் போதவில்லை என்கிறது! இதை மட்டும் நம்பியிருந்தால் பெட்ரோல் பம்ப்பை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று இன்னும் ஐயாயிரம் ரேண்ட் போயிருக்கும்.

அங்கிள் ஸ்பேனரையே தொடவில்லை. ஏறக்குறைய 40 நிமிஷம் வெறும் மீட்டரும் கையுமாக நின்றார். முதலில் குழாயில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார், ஏனென்றால் மூக்குக்கு முன்னால் சந்து இருந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, இல்லாத ஆக்சிஜனை இருப்பதாகக் காட்டும். சென்சாரின் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு புகைக் கோடு. "ஹ்ம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சிக்னல் ஒயரின் பிளக்கில் பின்பக்கமாக ஊசியைச் செருகி மீட்டரை என் கையில் கொடுத்தார். 0.2. அப்படியே நிற்கிறது. காற்றுதான் அதிகம் என்று அதை நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. நல்ல சென்சார் என்றால் அந்த எண் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். சின்ன கேஸ் டார்ச் ஒன்றைப் பற்றவைக்காமல் காற்று போகும் குழாய்ப் பக்கம் கொஞ்சம் காட்டினார் (வீட்டில் செய்து பார்க்காதீர்கள், சூடான எஞ்சின் பக்கத்தில் கேஸ், தெரிந்தவர் கையில்தான் அது சரி). கேஸ் உள்ளே போனதும் எண் பட்டென்று 0.9-க்குத் தாவ வேண்டும். என்னுடையது நத்தை மாதிரி 0.4 வரை ஊர்ந்து, அங்கேயே படுத்துவிட்டது.

"பக்கத்து வீட்டுல மீன் பொரிச்சா ஒனக்கு எப்பத் தெரியும்?"

"உடனே தெரியும், அங்கிள்."

"நாளைக்குத் தெரிஞ்சா அது மூக்கா?"

புது சென்சார், மூன்றே வாரம் ஆனது, அதற்குள் எப்படி? ஒயரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார். பெரிய இடத்தில் போட்டது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற பேர் தெரியாத சாமான், அதில் பிளக் வராது. பழைய சென்சாரின் பிளக்கை வெட்டி எடுத்து, புதிதின் நாலு ஒயரிலும் சால்டர் வைத்து ஒட்டி, மேலே சாதா டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் எஞ்சின் சூட்டில் வெல்லப்பாகு மாதிரி உருகி வழிந்திருந்தது. அதைவிடப் பெரிய தப்பு சால்டர்தான். தொப்பியின் உட்பக்கத்துக்கு நல்ல காற்று வேண்டும் என்றேன் அல்லவா, பல சென்சார்களில் அந்தக் காற்று ஒயருக்குள் இருக்கிற மெல்லிய இழைகளின் சந்து வழியாகத்தான் போகிறது. ஈயத்தை உருக்கி ஊற்றினால் அந்த வழி அடைபடும். சென்சார் செய்கிறவர்களே சால்டர் வைக்காதே, கிரிம்ப் பண்ணு (உலோக முனையை வைத்து நெரித்து இணை) என்றுதான் சொல்கிறார்கள். அதே காரணத்துக்காகப் பிளக்கில் கிரீஸ் தடவுவதும், கிளீனர் ஸ்பிரே அடிப்பதும் கூடாதாம். நான் பேட்டரி முனையிலிருந்து கார் பூட்டுவரை எல்லாவற்றிலும் ஸ்பிரே அடிக்கிற ஆள், நல்லவேளை இதில் அடிக்கவில்லை.

சரி, கழற்றலாம் என்று 22 ஸ்பேனர் போட்டால் வரவில்லை. ஒயர் நுழைகிற மாதிரி பக்கத்தில் வெட்டு விட்ட சாக்கெட் ஒன்று இதற்கென்றே இருக்கிறது, அதைப் போட்டு நீளக் கம்பியால் நெம்பியதும் கீச்சென்று ஒரு சத்தம், எனக்குப் பல் கூசியது. வெளியே வந்த சென்சாரின் மரையில் பளபளவென்று இரும்புச் சுருள். கோணலாக ஏற்றி மிஷினை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அந்தப் புகைக் கோடு அதனால்தான். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மரை கழண்டது வண்டிக்கா, இத மாட்டுனவனுக்கா?" என்றார். பாதித் தமிழ்தான், ஆனால் எந்தப் பாதி பாருங்கள்.

18 மில்லிமீட்டர் டேப் (ஒட்டுகிற டேப் இல்லை, மரை வெட்டுகிற கருவி) ஒன்றில் கிரீஸைத் தடவி, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று மரையைப் பொறுமையாக மறுபடி வெட்டினார். கிரீஸ் எதற்கென்றால் இரும்புத் தூள் குழாய்க்குள் விழாமல் அதில் ஒட்டிக்கொள்ள. மூன்று தடவை டேப்பை வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி கிரீஸ் தடவி விட்டார். இதை நான் நின்று பார்த்தேன். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி ஒரு நிதானம்.

புது சாமானை அவர் விற்கவில்லை, என் வண்டியின் விவரத்தை எழுதிக் கொடுத்து என்னையே வாங்கி வரச் சொன்னார். கம்பெனி டீலரிடம் விசாரித்தேன், 4,900 ரேண்ட். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் என்டிகே சென்சார், என் வண்டிக்கென்றே பிளக்கோடு வருவது, 1,850. என்ஜிகே என்ற பெயரில் ஸ்பார்க் பிளக் செய்கிற கம்பெனி சென்சாருக்கு வைத்திருக்கிற பெயர்தான் என்டிகே. பெட்டியைத் திறந்ததுமே வித்தியாசம் தெரிந்தது: ஒயர் ஒரே துண்டு, மேலே சூடு தாங்கும் உறை, நீளம் என் வண்டிக்கேற்ற அளவு, பிளக் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும், மரையில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கிற பசை ஏற்கெனவே தடவியிருந்தது. அந்தப் பசை மரையில் மட்டும்தான் இருக்க வேண்டும், மூக்கு நுனியில் பட்டால் பாழ். கையாலேயே ஆறு சுற்றுத் திருகிவிட்டு, கடைசியில் இறுக்கத்தை அளக்கிற டார்க் ஸ்பேனரில் 40 நியூட்டன் மீட்டர் வைத்து ஒரு கிளிக். ஒயரை அதற்கென்று இருந்த கிளிப்பில் மாட்டி, எஞ்சினைத் தொடாமல் இழுத்து விட்டார். அந்தக் கிளிப் போன தடவை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பேச்சுவாக்கில் ஈயப் பெட்ரோல் காலத்தைப் பற்றியும் சொன்னார், ஈயம் இந்த மூக்குக்கு விஷம், 2006-இல் இந்த நாட்டில் ஈயப் பெட்ரோலை நிறுத்தியதற்கு அப்புறம்தான் நிம்மதி என்று. சிலிக்கான் பசையும் அதே மாதிரிதான், கேஸ்கெட்டுக்குக் கண்ட பசையைப் போட்டால் அதன் ஆவி போய்ச் சென்சாரில் படியுமாம்.

இப்போது பழைய சாமான் விஷயம். என் வண்டியில் முதலில் இருந்த சென்சார் உண்மையிலேயே கெட்டதா என்று கேட்டேன். "அத எடுத்துட்டு வா, ரெண்டு வெள்ளை ஒயர்ல மீட்டர் வெச்சா ஒரு நிமிஷத்துல சொல்றேன்." பெரிய இடத்துக்குப் போய்க் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். இங்கே 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன் 67-ஆவது பிரிவு, கழற்றிய பாகத்தைத் தனியாக எடுத்து வைத்து, ஓரளவு சுத்தமான டப்பாவில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்கிறது, நாமே வேண்டாம் என்று சொன்னால் ஒழிய. 57-ஆவது பிரிவில் ரிப்பேருக்குப் போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத வாரன்டி. எலக்ட்ரிக் சாமானுக்கு வாரன்டி கிடையாது என்று முதலில் குரலை உயர்த்தியவர்கள், இந்த இரண்டு எண்ணையும் சொல்லி, மோட்டார் ஆம்புட்ஸ்மனிடம் (வண்டித் தொழில் புகார்களை விசாரிக்கிறவர்) எழுதிப் போடுகிறேன் என்றதும் உட்காரச் சொன்னார்கள். சென்சாருக்கான 650 திரும்பி வந்தது. கூலி வரவில்லை. ஆடி மாதம், எனக்கும் மல்லுக்கட்ட நேரமில்லை. பழைய சென்சார் கெட்டதா நல்லதா என்பது அதோடு போயிற்று.

அங்கிளிடம் நான் கேட்கவே இல்லை. கழற்றிய சென்சாரையும், வெட்டிய இரும்புச் சுருளையும், கழுவித் துடைத்த ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடி வைத்து, சாவியோடு சேர்த்துக் கொடுத்தார். அந்தச் சட்டம் அவருக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, "எந்தச் சட்டம்?" என்றார்.

குறை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. உட்கார நாற்காலி கிடையாது, கவிழ்த்த ஆயில் டின்தான். போனை எடுக்கவே மாட்டார். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்ற வண்டி வியாழக்கிழமைதான் வந்தது, நடுவில் ஒரு கூழுக்கு நான் மச்சான் காரில் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கார்டு மெஷின் கிடையாது, கையில் காசுதான். காவடி விரத நாட்களில் பத்து நாளும் பட்டறை மூடியிருக்கும். பில் ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளில். ஒரு கேள்வி கேட்டால் பதில் 1975-இலிருந்து தொடங்கும், அவசரமாகப் போகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்பட்டு வராது. கறுப்பாக ஒரு நாய் இருக்கிறது, கடிக்காது, ஆனால் அது கடிக்காது என்று அதன் முகத்தைப் பார்த்தால் தோன்றாது.

பார்த்துச் சொன்னதற்கு 300, மரை வெட்டி மாட்டியதற்கு 600. மாட்டிய பிறகு ஸ்கேனரைப் போனோடு சேர்த்து எனக்கே காட்டினார்: கம்ப்யூட்டர் தன் கணக்கில் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது என்று முன்னால் 19 சதவீதம் காட்டிய இடத்தில், அழித்துவிட்டு அரைமணி நேரம் ஓட்டி வந்ததும் 3. வோல்ட் எண் கோலாட்டம் ஆடுகிறது. எட்டு மாதம் ஆகிறது, விளக்கு வரவில்லை, 11 லிட்டருக்கே திரும்பிவிட்டது, போன வாரம் ஆறு அண்டாவோடு அதே மரியன்ஹில் ஏற்றத்தில் ஒரு லாரியை நான் முந்தினேன், பையன் கைதட்டினான்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க் அந்த வியாழக்கிழமைக்காக. போகிறவர்கள் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், எட்டுக்குப் போனால் முன்னால் நாலு வண்டி நிற்கும். அன்றைக்கு என்னிடம் 850 ரேண்ட்தான் இருந்தது, மிச்சம் 50-ஐ அப்புறம் தா என்றார். போகும்போதெல்லாம் கொடுக்கப் பார்க்கிறேன், ஏதாவது கதை பேச ஆரம்பித்து வாங்காமலே அனுப்பிவிடுகிறார். பாக்கி சரியாகிவிட்டது, பாக்கிதான் இன்னும் நிற்கிறது.